காளான் காரின் கூரை உயர்ந்த காரணம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல, என் தலையில் கட்டப்பட்டது.

கட்டியது ஒரு கார் கம்பெனி. அவர்களுடைய சின்னக் கார் ஒன்று முதன்முதலாகத் தெருவுக்கு வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அதற்கு ஒரு விழா, விழாவில் வெளியிட ஒரு வரலாற்றுப் புத்தகம். வழவழத் தாளில் நூற்றிருபது பக்கம், அதில் பாதி புகைப்படம். மீதிப் பாதியை நிரப்ப ஆள் தேடியபோது நான் அகப்பட்டேன். நாவலாசிரியன் என்பதற்காக அல்ல. (இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். இரண்டையும் படித்த ஒரே ஆள் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவரும் இரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டார் என்பது எண்பதாம் பக்கத்துக்கு மேல் வரும் பிழைகளைப் பார்த்தாலே தெரியும்.) வயிற்றுப்பாட்டுக்கு நான் எழுதுவது இயந்திரங்களுக்கான கையேடுகள்.

"உங்க வாஷிங் மெஷின் கையேடு படிச்சோம் சார்," என்றார் கம்பெனியின் விளம்பர அதிகாரி. முப்பதைத் தொடாத பெண், நல்ல மரியாதை. "நாப்பது பக்கத்துல எங்கயுமே ஒரு உணர்ச்சி இல்ல. எங்களுக்கு அதான் வேணும்."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று: என் மாமியார் அதே கம்பெனியில், இருக்கை தைக்கும் பிரிவில், இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். மாமியாரிடம் சொல்லாமல் விட்டது இன்னொன்று: இந்த வேலைக்கு நான் தலையாட்டிவிட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் வெளியே வந்தன. என் முகராசி அப்படி.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஒரு தலைமுறையின் கனவு நான்கு சக்கரங்களில் உருண்டு—"

மாமியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். "கனவு எதுக்கு மாப்பிள்ளை உருளணும்? அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்கட்டுமே."

இரண்டாவது: "அன்று காலை முதலே மழை தூறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையின் தகரக் கூரைமீது—"

"தூறல. சுள்ளுனு வெயில். வேர்வையில ஊசி கையில நிக்கல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கதைக்கு மழை இருந்தா நல்லாருக்கும் அத்தை."

"அப்ப கதைய நனைச்சுக்கோங்க. என்னைய எதுக்கு நனைக்கறீங்க?"

மூன்றாவது தொடக்கம் என்னுடையது அல்ல, கம்பெனி கொடுத்த குறிப்பு: "தலைமைப் பொறியாளர் ஒருநாள் தம் அறையின் ஜன்னல் வழியே தொலைவிலிருந்த குன்றைக் கண்டார். அதன் வளைவில் மனதைப் பறிகொடுத்து, காரின் கூரையையும் அவ்வாறே உயர்த்தும்படி வரைபடக்காரரைப் பணித்தார்—"

மாமியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. "அவர் ரூமுக்கு ஜன்னலே கிடையாது மாப்பிள்ளை. நாலு பக்கமும் அலமாரி. குன்ற எங்க பாத்தாராம், காலண்டர்லயா?"

"அப்ப கூரை ஏன் உயர்ந்துச்சு?"

"என்னால."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்க் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். கத்தி ஒரு கணம் நின்றது. சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே, இந்தக் கதையில் சண்டை ஒரே ஒரு வாக்கியத்துக்காக: அந்தக் கூரை ஏன் உயர்ந்தது? சிக்கல் என்னவென்றால், மேலே சொன்ன குறிப்பில் வருகிற வரைபடக்காரர் என் மாமியாரின் சொந்தத் தம்பி. என் மனைவிக்குத் தாய்மாமன். அவளைப் பார்த்து நானும் மாமா என்றே கூப்பிடுகிறேன். அந்தக் காரை வடிவமைத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். விழா மேடையில் அவருக்குப் பாராட்டு. அழைப்பிதழில் அவர் படத்துக்குக் கீழே "கூரையை உயர்த்தியவர்" என்று அச்சிட்டாயிற்று.

3

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் வரலாறு என்று நம்ப மாட்டீர்கள்.

கம்பெனி அதற்கு வைத்த பெயரில் ஓர் எழுத்தும் மூன்று எண்களும் இருந்தன. விற்றவர்களே அதைச் சொல்லவில்லை. தெரு வைத்த பெயர் காளான். சின்ன உடம்பு, அதன்மேல் உப்பிய கூரை; வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இரண்டே கதவு. பின்னால் உட்கார வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கிவிட்டுப் போக வேண்டும். முப்பத்தொரு வருடம் தயாரித்தார்கள். உச்ச வேகம் மணிக்குத் தொண்ணூறு. (சரிவில் தொண்ணூற்றிரண்டு தொட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள், காரை எடுத்து வந்துவிடுவார்கள்.)

அதே காலத்தில் வந்த மற்றச் சின்னக் கார்கள் எல்லாம் தரையோடு தரையாகப் பதுங்கியவை. பார்க்க வேகமாக இருக்கும், நின்றுகொண்டிருக்கும்போதுகூட. பின்னிருக்கைக்குப் போக வேண்டுமென்றால் ஆள் பேனாக்கத்தி மாதிரி மடிய வேண்டும். பத்து வருடத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. காளானில் மட்டும் தொப்பி வைத்தவர் தொப்பியோடு ஏறினார். உயரமான நாய் நிமிர்ந்து உட்கார்ந்து போனது. செடி விற்பவர் தொட்டியைச் சாய்க்காமல் ஏற்றினார். முழங்கால் மடங்காத கிழவர்களை எங்கள் தெரு மருத்துவர் தம் காளானில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மற்றக் காரில் ஏற்றுவதற்குள் அவர்களுக்கு வேறு இரண்டு மூட்டு பிசகிவிடும் என்பார்.

இவ்வளவும் அந்தக் கூரையாலும் அகலக் கதவாலும். அந்தக் கூரை—

இல்லை, இன்னும் இல்லை. முதலில் ஆளை அறிமுகப்படுத்த வேண்டும்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கதாபாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுதியதைப் பாருங்கள்: "சற்றே பூசினாற்போன்ற உடல்வாகு கொண்ட அந்த இளம்பெண்—"

"யாருக்குப் பயந்து பூசறீங்க?" என்றார் மாமியார். "குண்டுன்னு எழுதுங்க. நான் குண்டு. அப்பவும் குண்டு, இப்பவும் குண்டு. தராசுக்குத் தெரிஞ்சது தாளுக்குத் தெரியக் கூடாதா?"

"படிக்கறவங்க தப்பா நெனப்பாங்களேன்னு..."

"குண்டுன்னு எழுதினா நெனக்க மாட்டாங்க. பாவம்னு எழுதினாத்தான் நெனப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு. நான் பேசாம நின்னேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதுக்கு நான் சும்மா இருக்க மாட்டேன்."

எழுதிவிட்டேன்: அவர் குண்டு. பேசாமல் நிற்கவில்லை.

இனி அவரை "அவள்" என்று எழுதப்போகிறேன், ஏனென்றால் அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. மாமியாரை "அவள்" என்பதா என்று கூசி, அனுமதியும் கேட்டேன். "வயசக் கொறைக்கறதுன்னா எப்படி வேணா கூப்பிட்டுக்கோங்க," என்றார்.

5

அவள் தைக்கும் மேசைக்கும் மரக்கார் நின்ற கொட்டகைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான்.

புதுக் காரைத் தகட்டில் அடிப்பதற்கு முன் முழு அளவில் மரத்தில் ஒன்று செய்து பார்ப்பார்கள். அதுதான் மரக்கார். கதவு உண்டு, இருக்கை உண்டு, ஸ்டீயரிங்கும் உண்டு. எஞ்சின் கிடையாது. கூரை தனியாக, டப்பா மூடி போல, சுவரோரம் சாத்தி வைத்திருக்கும். அந்த மரக்காரின் ஒவ்வொரு கோடும் அவள் தம்பி வரைந்தது. இருபத்து மூன்று வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவள்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் இவள் தையலை நிறுத்திக் காது கொடுப்பாள்.

தலைமைப் பொறியாளருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் அரை மில்லி. எதை அளந்தாலும் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை பிடிப்பார். பின்னிருக்கை ஆள் எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க முதல் நாள் ஒரு தச்சரை உட்கார வைத்தார். தச்சர் மூச்சு விட்டார். அளவு அரை மில்லி மாறியது. அதோடு மரக்காருக்குள் மனிதர்கள் ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். பதிலுக்கு மணல் மூட்டைகள் வந்தன. ஒரு மூட்டை அறுபத்தெட்டு கிலோ, சராசரி மனிதன் ஒருவனின் எடை. நாலு மூட்டை, நாலு பயணி. கூரைதான் இல்லையே, மூட்டைகளைச் சங்கிலியில் தொங்கவிட்டு மேலிருந்து நேராக இருக்கையில் இறக்கினார்கள். அவள் தைத்துக் கொடுத்த இருக்கையையும் அப்படித்தான் இறக்கினார்கள்.

ஏழு மாதம் அளந்தார்கள். மணல் மூட்டைக்கு முழங்கால் இல்லை. இடுப்பு இல்லை. தலை இடிக்கிறது என்று அது சொன்னதில்லை. ஏழு மாதத்தில் அந்தக் காரின் பின்னிருக்கைக்குக் கதவு வழியாகப் போன மனிதர் ஒருவர்கூட இல்லை. போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. கெட்டிக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்தால்தான் இப்படி ஒரு தவறு செய்ய முடியும். ஒற்றை முட்டாளால் ஆகிற காரியமா அது?

(இந்தப் பத்தியைப் படித்த மாமியார், "முட்டாள்னு போடாதீங்க, பாவம், நல்லவங்க," என்றார். அடித்தால் கதைக்கு வலிக்கும் என்பதால் விட்டிருக்கிறேன்.)

6

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர்கள் வருகிறார்கள். வரைபடங்கள் கையெழுத்தாகிவிட்டன. அவர்கள் தலையசைத்தால் மறுநாளே தகடு அடிக்கும் அச்சுகளுக்கு உத்தரவு போய்விடும். பின்னிருக்கையில் மூட்டை உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இராது, ஆள் உட்கார வேண்டும் என்று அரை மில்லிக்கு அன்று காலையில்தான் தோன்றியது. அதுவரை சுவரோரம் கிடந்த கூரையையும் அப்போதுதான் முதல்முறையாக மாட்டியிருந்தார்கள். தம்பி உடனே அக்காவைச் சொன்னான். அவளே தாராளமாக உட்கார்ந்தால் பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

பெருமையோடுதான் வந்தாள். தான் தைத்த இருக்கை, தம்பி வரைந்த கார். முன்னிருக்கையை மடக்கினாள். வலது காலை வைத்தாள். தோள் போனது. இடுப்பு போகவில்லை. வெளியே வந்து, இடது காலை வைத்துப் பார்த்தாள். இடுப்பு போனது, தலை இடித்தது.

"நகரு, நான் காட்டறேன்," என்று தம்பி நுழைந்தான். ஈர்க்குச்சி மாதிரி இருப்பவன். உள்ளே போய்விட்டான். திரும்பி வரும்போது ஒரு காது சிராய்த்து ரத்தம் துளிர்த்திருந்தது. ஏழு மாதம் தான் வரைந்த கதவைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் ஈ ஆடவில்லை.

மணி பத்தரை.

அரை மில்லி மேலே பார்த்தார். "சங்கிலி இருக்கில்ல?"

கொட்டகையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பிதான் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ரெண்டு நிமிஷ வேல. கூரையக் கழட்டிட்டு மேலருந்து மெதுவா எறக்கிடுவோம். அப்புறம் கூரையத் திரும்ப வெச்சிடுவோம். நீ உள்ள சிரிச்சிட்டு உக்காந்திருந்தாப் போதும்."

"ஏன்டா, நான் மூட்டையா?"

"யாரும் பாக்க மாட்டாங்கக்கா."

"எறங்கறப்ப?"

"அவங்க போனதும் எறக்கிடறோம்."

"வாங்கறவன் வீட்டுக்கெல்லாம் ஒரு சங்கிலி குடுப்பீங்களாடா?"

"அக்கா, என் வேலை போயிடும். எனக்காகச் செய்யேன்."

இந்த இடத்தில் அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். பெண்ணின் மானம், உழைப்பின் கண்ணியம் என்று போனது அது. மாமியார் ஒரே கோட்டில் அடித்துவிட்டு அசல் காரணத்தைச் சொன்னார்: "அவன் மூஞ்சியப் பாத்தேன். பாவமா இருந்துச்சு. சரின்னு சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் அந்தச் சங்கிலியில இருந்த கொக்கியப் பாத்தேன். முடியாதுன்னு வாயில வந்துருச்சு."

"முடியாது," என்றாள். "கதவு வழியா ஏறுவேன். ஏற முடியலன்னா ஏற முடியல."

பதினொரு மணிக்கு ஐந்து இயக்குநர்கள் வந்தார்கள். நடுவில் வந்தவர் நல்ல வாட்டசாட்டம், கோட்டின் பொத்தான்கள் திணறிக்கொண்டிருந்தன. திறந்த கதவுக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"இந்த சீட்டத் தச்சவ சார்."

"உக்காந்து காட்டறதா சொன்னாங்களே. ஏன் நிக்கறீங்க?"

"ஏற முடியல சார்."

அரை மில்லி குறுக்கே வந்தார். "அந்தம்மா கொஞ்சம் குனிஞ்சா—"

"குனிஞ்சேன் சார். ரெண்டு தடவ. நீங்க ஒரு தடவ குனிஞ்சு பாருங்க."

அரை மில்லி குனியவில்லை. வாட்டசாட்டமானவர் கோட்டைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தார். பிறகு நடந்ததை நான் மிகைப்படுத்துவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். தேவையே இல்லை. அவரை வெளியே எடுக்க இரண்டு தச்சர்களும் ஒரு சோப்புக் கட்டியும் தேவைப்பட்டன. எழுந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் சொன்னது ஒரே வார்த்தை: "மாத்துங்க."

கதவு பதினொரு சென்டிமீட்டர் அகலம் கூடியது. கூரை ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்தது. தட்டைக் கூரையாகவே உயர்த்தினால் பெட்டி மாதிரி இருந்ததால் நடுவில் உப்பவிட்டார்கள். காளான் பிறந்தது. எந்தக் குன்றும் அங்கே கிடையாது.

தம்பிக்கு வேலை போகவில்லை. பத்தொன்பது நாள் தூங்காமல் எல்லாவற்றையும் திரும்ப வரைந்தான். ஆனால் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஐந்து மாதம். "அவகிட்ட உப்பக் கேளும்மா," என்று அம்மாவிடம் சொல்வான். உப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவளும் அம்மா கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

7

சான்று வேண்டும் என்றார் விளம்பர அதிகாரி. நியாயம். கம்பெனியின் பழைய வரைபட அறைக்குப் போனேன்.

ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு சின்ன அட்டவணை உண்டு. எப்போது, எதை, ஏன் மாற்றினோம் என்று வரைந்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாமாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் திருத்தம்: பூட்டின் இடம் மாற்றப்பட்டது. காரணம்: "முந்தைய அளவு என் தவறு." இரண்டாவது திருத்தம்: கைப்பிடி. காரணம்: "இதுவும் என் தவறு." எனக்கு அந்த இளைஞனை மிகவும் பிடித்துப்போனது.

மூன்றாவது திருத்தம்: கூரை, கதவு. காரணம்: "நிர்வாகத்தின் ஆலோசனைப்படி."

படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் காட்டவில்லை.

"என்ன மாப்பிள்ளை," என்றார் மாமியார் ஒரு வாரம் கழித்து, "நாலஞ்சு நாளா என் மொகத்தப் பாக்காம தட்டப் பாத்தே சாப்பிடறீங்க. என்ன கெடச்சுது அங்க?"

காட்டினேன். செல்பேசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, மூன்று காரணங்களையும் வரிசையாகப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்குல்ல," என்று செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

8

நடந்ததை நடந்தபடி ஓர் அத்தியாயமாக எழுதி அனுப்பினேன். விளம்பர அதிகாரி கூப்பிட்டார். "ரொம்ப நல்லாருக்கு சார். ஆனா உணர்ச்சி வந்துருச்சு. வரைபடத்துல வேற நிர்வாகம்னுதான் இருக்கு. ஒண்ணு பண்ணலாம், 'ஊழியர்களின் கருத்துகளும் கேட்கப்பட்டன'ன்னு ஒரு வரி போட்டுடலாமா?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார்.

"கேக்கலம்மா," என்றார். "நான் சொன்னேன்."

பாவம், அந்தப் பெண்ணுக்கும் மேலே ஒரு அரை மில்லி இருப்பார். "அப்ப புத்தகத்துல குன்றுதான் சார் இருக்கும்," என்றார் மெதுவாக.

"அப்ப புத்தகத்துல நான் இருக்க மாட்டேன்," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முதல் பிரதியிலேயே சரியாகச் சொன்னேன். உடனே பயமாகவும் இருந்தது.

புத்தகம் குன்றோடு அச்சாகிவிட்டது. அவர்கள் வேண்டாமென்றதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. (இங்கே, "சின்னக் கதவுள்ள வரலாற்றுக்குள் ஒரு பெரிய பெண்மணி நுழைய—" என்று ஓர் உவமை இருந்தது. "அய்ய," என்றார் மாமியார். எடுத்துவிட்டேன்.)

மிச்சமிருப்பது சனிக்கிழமை விழா. அங்கே புத்தகத்திலிருந்து அந்தக் குன்றுப் பகுதியை மாமாவே மேடையில் படிக்க வேண்டுமாம். "பாராட்டப்படுபவரின் குடும்பம்" என்று மாமியாருக்கும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது.

9

ஞாயிறு மதியம் மாமா வழக்கம்போல் சாப்பிட வந்தார். மாமியார் பரிமாறி முடித்து, அச்சடித்து வைத்திருந்த படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னடா இது?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மூணாவது திருத்தம்."

"காரணம்னு போட்டிருக்கே, அதப் படி."

அவர் படிக்கவில்லை. "அது சின்னக் கட்டம்கா. ரெண்டு விரக்கடைதான் இருக்கும்."

"அக்கான்னு எழுத எத்தன விரக்கடை வேணும்?"

நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்தேன். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, அப்புறம் தப்பு தப்பா எழுதுவீங்க," என்றார். உட்கார்ந்தேன்.

"சிரிச்சிருப்பாங்கக்கா," என்றார் மாமா. "அந்த வரைபடம் எல்லா மேசைக்கும் போகும். அக்கா நொழைய முடியலன்னு எழுதினா, உன் இடுப்பப் பத்தியே பேசிட்டிருந்திருப்பானுங்க."

"ஓ. என்னைக் காப்பாத்துனியா?"

"ஆமா."

"அப்ப அஞ்சு மாசம் ஏன் பேசல?"

மாமா தட்டைப் பார்த்தார். எழுபதை நெருங்கும் மனிதர், சிராய்த்த காதோடு நின்ற பையனாகிவிட்டார். "எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு," என்றார் கடைசியில். "எல்லார் முன்னாடியும் என் கதவு சரியில்லன்னு நிரூபிச்சவ என் சொந்த அக்கா."

"அதச் சொல்லு. நாப்பத்தஞ்சு வருஷமாச்சு அத வெளிய எடுக்க." மாமியார் படத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "சனிக்கெழம மேடையில நீ குன்றுன்னு படிச்சீன்னா நான் எழுந்து சொல்லப்போறேன்."

"அக்கா. என் வாழ்க்கையிலயே ஒரே ஒரு மேடை."

"எனக்கு அதுகூட இல்லடா. கீழ நின்னுதான் பேசப்போறேன்."

"என்ன அசிங்கப்படுத்தாதக்கா."

"மைக்கு மொதல்ல உன் கைலதான் இருக்கும். நீ சொல்லிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன், கை தட்டிட்டு வீட்டுக்கு வந்துருவேன். நீ சொல்லலன்னா, அதுக்கப்புறம் உன்னக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

மாமா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தட்டை லேசாக முன்னால் நகர்த்தினார். மாமியார் இன்னொரு கரண்டி போட்டார்.

10

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: மாமா மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, "என் அக்கா..." என்று ஆரம்பிக்கிறார். அரங்கமே எழுந்து நிற்கிறது. நாலு பக்கம். என் மனைவி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். மாமியார் உறிஞ்சவில்லை. "அவன் இப்படிப் பண்ணா எனக்கு உயிரே வந்துரும். ஆனா நீங்க பண்ண வெக்காதீங்க. அவனாப் பண்ணணும்."

இரண்டாவது: மாமா குன்றைப் படிக்கிறார். மாமியார் எழுகிறார். யாரோ மைக் தர மறுக்கிறார்கள். நாற்பது தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே இருபத்தெட்டு வருடம் பேசியவருக்கு மைக் எதற்கு? அரங்கம் கேட்கிறது. மாமா பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போகிறார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு நாற்காலி அதிகம். "இது நடக்கலாம்," என்றார் மாமியார். தாளை நான்காக மடித்தார். மடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். "நடந்தா நடக்கட்டும். அவன் இல்லாம சாப்பிடறது கஷ்டம்தான். ஆனா குன்றுகூட உக்காந்து சாப்பிட முடியாது."

மூன்றாவதை முடிக்கவில்லை: "கைதட்டல் அடங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல், கைப்பையை மூடிக்கொண்டு—"

இதை மாமியாரே என் பென்சிலை வாங்கி அடித்தார். தாள் கிழிந்து, அடியிலிருந்த தாளிலும் தடம் விழுந்தது. "இது மட்டும் கெடையாது."

11

இன்று வியாழன். விழா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, அக்காவிடம் அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெரு.

மாமியார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "கதைய முடிக்கணும் அத்தை. அவர் சொல்லுவாரா? இல்ல நீங்க எழுந்திருப்பீங்களா?"

"நீங்க முடிச்சிட்டீங்கன்னா நான் அதும்படி நடக்கணும். இல்ல, வேற மாதிரி நடந்து உங்களப் பொய்யனாக்கணும். ரெண்டும் எனக்கு எதுக்கு? என் வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க நிறுத்துங்க."

நிறுத்துகிறேன். அடங்கிப்போய் அல்ல. நாற்பத்தைந்து வருடமாக அவர் செய்ததை வேறு யார் யாரோ எழுதி முடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மருமகனும் சேர வேண்டாம்.

அரங்கம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள். நீங்கள் வரலாம். மாமியாருக்கு மூன்றாவது வரிசையில் நட்ட நடுவில் இடம் போட்டிருக்கிறார்கள். மேடையில் மாமா குன்றைப் படித்து, மாமியார் எழுந்திருக்க ஆரம்பித்தால், முழங்கால்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். பைகளை இருக்கைக்கு அடியில் தள்ளுங்கள். அவசரமில்லை, அவர் நிதானமாகத்தான் வருவார். உட்காருங்கம்மா என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அப்போது நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் மேடையில் நிற்கும் தம்பியின் முகம் என்ன ஆகிறது என்பதைத் தவறவிட்டுவிடுவேன். அதை நீங்கள் பார்த்து வையுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.